ஆப்ஷன்ல இருந்து விடை எடுக்கிறது

"ஆப்ஷன் இல்லாம கேட்டா என்ன சார் பண்றது?"

குரூப் 4 பேட்ச்ல ஒரு அக்கா கேட்டது. வயசுக் கணக்கு போயிட்டிருந்துச்சு. அப்பா வயசு மகன் வயசப்போல 4 மடங்கு, 20 வருஷம் கழிச்சு 2 மடங்கு, மகனுக்கு இப்போ என்ன வயசு, ஆப்ஷன் 8, 10, 12, 15. நான் எப்பவும் சொல்றதுதான், x எல்லாம் வேண்டாம், நடுவுல இருக்கிற ஒண்ண எடுத்துப் போட்டுப் பாருங்க, 10னா அப்பாவுக்கு 40, 20 வருஷம் கழிச்சு 30, 60, ரெண்டு மடங்கு வந்துருச்சா, ஷேட் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போங்க.

"டிஎன்பிஎஸ்சில ஆப்ஷன் இல்லாம கேக்க மாட்டாங்கக்கா"ன்னேன். "அங்க இல்ல சார், என் பொண்ணு கேக்குறா. எட்டாவது. அவளுக்கு ஸ்டெப்புக்குத்தான் மார்க்"னாங்க. மொதல்ல வேலைய வாங்குங்க, அப்புறம் பொண்ணுக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டு தனிவட்டிக்குப் போயிட்டேன்.

நான் சொன்னது சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன். 200 கேள்வி, 3 மணி நேரம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் கூட முழுசா இல்ல. அதுல ஆப்டிடியூட் 25, ஒவ்வொண்ணும் ஒன்றரை மார்க், அந்த ஒரு கேள்வில எத்தனை பேரு பின்னாடி போறாங்கன்னு ரேங்க் லிஸ்ட் பாத்தவங்களுக்குத் தெரியும். இன்னொண்ணும் இருக்கு. இதே கணக்குல அப்பா வயசக் கேட்டு ஆப்ஷன்ல 10, 40 ரெண்டையும் வச்சிருப்பாங்க. மகன் வயச x-னு வச்சுப் போட்டவங்க x = 10 வந்த உடனே 10-அ ஷேட் பண்ணிருவாங்க, கேட்டது அப்பா வயசுங்கிறதே மறந்துரும். போட்டுப் பாக்குறவங்க அதுல மாட்ட மாட்டாங்க, ஏன்னா அப்பாவுக்கு 10னா மகனுக்கு ரெண்டரை, அங்கேயே இடிக்கும்.

ஆனா அந்த அக்கா கேட்டது மார்க்கப் பத்தி இல்லயே. அவங்களுக்கு 10 சரின்னு தெரிஞ்சுது, எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, அதுதான் அவங்களுக்கு உறுத்துச்சு. வாக்கியத்த சமன்பாடா மாத்தத் தெரியாமலே ஒருத்தர் 25க்கு 22 எடுக்கலாம்னா நான் சொல்லிக்குடுக்கிறது கணக்கா, வேற ஏதாவதா? சரி, அவங்க பீஸ் கட்டினது வேலைக்குத்தான, வீட்டு வேலைய முடிச்சிட்டு வந்து உக்காந்து படிக்கிறவங்க நேரத்த நான் எடுத்துக்கலாமான்னும் தோணுது.

இப்போ விடைய சரிபாக்குற வரிய மட்டும் பெருக்காம கூட்டாம அப்படியே போர்டுல எழுதுறேன்: 4×10+20 = 2×(10+20). அந்த 10-அ அழிச்சுட்டு x வச்சா அதுதான் சமன்பாடு, புதுசா ஒண்ணுமே இல்ல, போட்டுப் பாக்கத் தெரிஞ்ச யாராலயும் எழுத முடியும். அந்த அக்கா கேட்டப்பவே இத எழுதியிருக்கலாம்தான், ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும். ஆனா இப்போ இருக்கிற பேட்ச்ல ஒரு பையன் "சார் இது எக்ஸாமுக்குத் தேவையா"ன்னு கேக்குறான். எக்ஸாமுக்குத் தேவையில்லன்னுதான் சொன்னேன், எதுக்குத் தேவைன்னு அவன் அடுத்துக் கேக்கல, கேட்டிருந்தா அவன் ஒத்துக்கிற மாதிரி என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல.