அம்மா ஸ்டூலில் ஏறக் கூடாது

போன வருடம் ஜூலையில் ஒரு மதியம் அம்மா போனில் சொன்னாள்: "வாசல் கேமராவக் கழத்தி சார்ஜ் போட்டுட்டேன்ட்டி." எட்டடி உயரத்தில் மாட்டியிருக்கிற கேமரா அது. எப்படிக் கழற்றினாய் என்று கேட்டால், ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள். வயது 71. வலது முட்டி தேய்ந்திருக்கிறது. விழுந்தால் தூக்கிவிட வீட்டில் ஆள் கிடையாது. அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நான் வாங்கி மாட்டிய பொருளே அவளை ஸ்டூலில் ஏற்றிவிட்டது.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். நான் இருப்பது சென்னை. தெருவாசல், பின்வாசல், பக்கத்துச் சந்து என்று மூன்று இடத்தில் வயர்லெஸ் கேமரா. ஆறு மாதம் சார்ஜ் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. தெருவாசலில் 16 நாள்கூடத் தாங்கவில்லை. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவள். ஆறு மாதமெல்லாம் வேண்டாம், 60 நாள் நின்றால் போதும், நானே ஏறிக் கழற்றிக்கொள்வேன். அந்த 60 நாளுக்காகத்தான் இத்தனை பாடும்.

பேட்டரி கேமரா எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. பெரும்பாலும் தூங்குகிறது. லென்ஸுக்குக் கீழே பால் நிறத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதற்குள் இருக்கும் பிஐஆர் சென்சார் மட்டும் விழித்திருக்கும். எதிரே சூடான ஏதாவது நகர்ந்தால் அது கேமராவை எழுப்பும். கேமரா எழுந்து, படம் பிடித்து, வைஃபையில் அனுப்பிவிட்டுத் திரும்பத் தூங்கும். தூங்கும்போது செலவு சொற்பம். எழுகிற ஒவ்வொரு முறையும்தான் சார்ஜ் போகிறது.

சரி, எத்தனை முறை எழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். தெருவாசலில் மட்டும் 187. அதில் எங்கள் படியேறி வந்தவர்கள் 11 பேர். மீதியெல்லாம் மினி பஸ், பைக், காலையும் சாயங்காலமும் போகிற வருகிற ஆடுகள்.

ஆப்பில் தெருவை விட்டுவிட்டு வாசலை மட்டும் கட்டம் போட்டுப் பார்த்தேன். அறிவிப்பு வருவது நின்றது, பேட்டரி இறங்குவது நிற்கவில்லை. காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. என் கேமராவில் அந்தக் கட்டம் படத்துக்குத்தான், சென்சாருக்கு இல்லை. பஸ் போகிறது, சென்சார் எழுப்புகிறது, கேமரா படத்தைப் பார்த்து "இது கட்டத்துக்கு வெளியே" என்று முடிவு செய்து பேசாமல் இருந்துவிடுகிறது. எழுந்தது எழுந்ததுதானே! சில கேமராக்களில் சென்சாரையே பகுதி பகுதியாக அணைக்கலாம். உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுண்டுவிரல் நக அகலத்துக்கு வெட்டி, அந்தப் பால் குமிழில் தெருவைப் பார்க்கிற பக்கத்தில் ஒட்டினேன். குமிழை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு திசையைப் பார்க்கிறது. ஒரு வரிசை மறைப்பது, அம்மாவைப் படியிறங்கி நடக்கச் சொல்வது, போனில் பதிவு வருகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது வரிசையில் தெரு போனது, படி நின்றது. மறுநாள் எண்ணிக்கை 34. கேமரா லென்ஸில் டேப் படக் கூடாது, பட்டால் இரவில் படம் வெளுத்துவிடும்.

பின்வாசலில் வேறு கதை. அங்கே ஆள் நடமாட்டமே இல்லை, ஆனாலும் ஒரு மாதம் தாண்டவில்லை. சாரல் மாதங்களில் எங்கள் ஊர்க் காற்றைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் பட்டுச் சூடான வாழை இலை ஆடினாலே சென்சாருக்கு ஆள் மாதிரிதான். இரண்டு வாழையைத் தாண்டிக் கேமராவைத் திருப்பி, சென்சாரின் கூர்மையையும் ஒரு படி குறைத்தேன். அதோடு அங்கே சிக்னல் மோசம். ரௌட்டர் டிவிக்குப் பின்னால், நடுவில் ஒன்றரை அடிச் சுவர் இரண்டு. சிக்னல் நலிந்தால் அதே வீடியோவை அனுப்ப அதிக நேரம் பிடிக்கும், அத்தனை நேரமும் கேமரா விழித்திருக்கும். ரௌட்டரை ஜன்னலுக்கு மேல் பரணுக்கு ஏற்றியதில் சிக்னல் அளவு மைனஸ் 79 டிபிஎம்மிலிருந்து மைனஸ் 63 ஆனது (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் நல்லது). கரண்ட் போனால் ரௌட்டர் அணைந்து, கேமரா வைஃபையைத் தேடித் தேடிச் சோர்ந்துபோகும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தேன்.

இரவில் கேமரா தன் இன்ஃப்ராரெட் விளக்கைப் போட்டுக்கொள்ளும், அது பேட்டரியில் எரிகிறது. இருட்டினால் தானே எரியும் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றைப் பின்வாசலில் மாட்டினேன். ராத்திரி முழுக்க எரிந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். அம்மாவும் இப்போது பயமில்லாமல் பின்னால் போய் வருகிறாள்.

அப்புறம், எழுதத் தயங்கியது. தெருவாசல் கேமராவை அதிகம் எழுப்பிய ஒரே ஆள் நான்தான். அம்மா திண்ணையில் இருக்கிறாளா, மாத்திரை போட்டுவிட்டு வெளியே வந்தாளா என்று ஆபீசிலிருந்து நாளுக்கு ஏழெட்டுத் தடவை லைவ் திறந்து பார்ப்பேன். ஐந்து நிமிடம் லைவ் பார்ப்பது 15 வினாடிப் பதிவு இருபதுக்குச் சமம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அதுல என்னத்தப் பாக்க? ஒரு போனப் போட்டா நான் பேசப்போறேன்" என்றாள். இப்போது காலை பத்துக்கும் சாயங்காலம் நாலுக்கும் போன். அவள் பேசுவதை நான் கேட்கிறேன், கேமரா தூங்குகிறது.

சோலார் பேனலும் தெருவாசலுக்கு ஒன்று போட்டேன். நம் பக்கம் சூரியன் அநேகமாக உச்சிக்கு வந்துவிடுவதால் தெற்கே லேசான சாய்வு போதும், மழைத் தண்ணீர் வழிந்தால் சரி. ஆனால் ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலே வரவில் பாதிக்கு மேல் குறைந்துபோகிறது. சாரல் மேகத்தில் அதை நம்பவே முடியாது. ஆகவே பேனல் இல்லாமலே 60 நாள் வருகிறதா என்றுதான் கணக்குப் பார்க்கிறேன்.

இன்னொன்று, பேட்டரியைச் சுத்தமாகத் தீர விடாதீர்கள். நான் இருபது சதவீதத்தில் கழற்றிவிடுகிறேன். மேற்குச் சுவரில் நேர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த சந்துக் கேமராவையும் கூரை நிழலுக்குள் தள்ளி மாட்டினேன். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

போன வாரம் 58 நாள் கழித்து ஊருக்குப் போனேன். தெருவாசல் 71 சதவீதம், பின்வாசல் 39. சந்து மட்டும் 6. அங்கே பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் குட்டி போட்டு வளர்க்கிறது, ராத்திரியெல்லாம் நடமாட்டம். குட்டிகள் போகும்வரை அந்தக் கேமராவைக் கழற்றி வைத்துவிட்டேன். ஸ்டூல் என்னோடு மாடிக்குப் போய்விட்டது.