ஹப்ளி டெக்ஸன் ஜூனியர்: ஹேமர் விழ ஆரம்பித்துவிட்டது

பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம் ஒரு பழஞ்சாமான் சந்தை. துருப்பிடித்த சாவிக்கொத்துகளுக்கு அடியில் கிடந்தது ஹப்ளி டெக்ஸன் ஜூனியர், சுருள் வெடி போட்டு வெடிக்கும் பழைய பொம்மைத் துப்பாக்கி. வெள்ளைப் பிளாஸ்டிக் கைப்பிடியில் நீளக் கொம்புக் காளைத் தலை. பேரம் பேசி 22 டாலருக்கு வாங்கினேன். ஹப்ளி கம்பெனி 1894இல் தொடங்கியது இதே லான்காஸ்டரில்தான். பிறந்த ஊரிலேயே அது என் கைக்கு வந்ததில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

குறை ஒன்றுதான். ட்ரிக்கரை இழுத்தால், வெடியை அடிக்கும் சுத்தியான ஹேமர் முக்கி முக்கி மேலே போகும். அங்கேயே நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, வார்ப்பிரும்பு இல்லை, துத்தநாகக் கலவை. இரண்டாம் உலகப் போரில் இரும்பெல்லாம் ஆயுதத்துக்குப் போக, இரும்புப் பொம்மைத் துப்பாக்கி நின்றுபோனது. போர் முடிந்து வந்தவை பெரும்பாலும் துத்தநாகம்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைக்கவே கூடாது. போன வருடம் வேறொரு துப்பாக்கியை வினிகரில் ஊறப்போட்டேன். அரை மணி நேரத்தில் பளபளப்பெல்லாம் போய்ச் சாம்பல் பூத்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. கைப்பிடித் திருகைக் கழற்றினேன். உடம்பின் இரண்டு பாதிகளும் ரிவெட் ஆணி அடித்து இணைத்தவை. அதைத் துளைக்க மனம் வரவில்லை. திறந்த இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஹேமர் அச்சைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கெட்டியான படிவு.

ரோல் கேப் என்னும் சுருள் வெடியில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும். வெடித்த பின் தங்கும் உப்பும் பாஸ்பரஸ் புகையும் ஈரத்தை இழுக்கும். அந்தப் புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். தீபாவளிக்கு அப்பா வாங்கித் தந்த துப்பாக்கி ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்குள் இறுகிப்போனது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. ஒருநாளாவது கழுவித் துடைத்து வைத்திருந்தால் தப்பித்திருக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். நான்கு இரவு, தினம் பத்து நிமிடம். ஒவ்வொரு முறையும் ஹேர் டிரையரை மிதச் சூட்டில் காட்டி உலர்த்தினேன். மூன்றாம் இரவில் பிரஷ்ஷோடு கறுப்புத் துணுக்கு ஒன்று வந்தது, எள் அளவுதான். ஹேமரை விரலால் அசைத்தேன், அசைந்தது. நான்காம் இரவு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு ட்ரிக்கரை இழுத்தேன். டக்! ஸ்ப்ரிங் முழு வேகத்தில் அடித்தது. பத்து முறையாவது இழுத்துப் பார்த்திருப்பேன்.

கேப் போட்டு வெடிக்கப் போவதில்லை. கைப்பிடியின் மஞ்சள் பூப்பையும் தொடவில்லை, அது அதன் வயசு.

அடுத்த வேலை, கூடவே வந்த தோல் உறை. பித்தளைக் குமிழ்களைச் சுற்றி மெழுகு போலப் பச்சைப் படிவு. மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்கிறேன். பழைய தோலின் அமிலம் துத்தநாகத்துக்கு ஆகாது என்பதால், துப்பாக்கியைப் பருத்தித் துணியில் சுற்றி வேறு பெட்டியில் வைத்திருக்கிறேன்.