மதிப்பெண் போடுவது யார்?

சிங்கப்பூரின் யீஷூனில் வளர்ந்து, தொடக்கக் கல்லூரி முடித்து, நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவள் நான். கடைசி மூன்று ஆண்டுகள் கிறைஸ்ட்சர்ச் வளாகத்தில் கழிந்தன. நான் தேர்ச்சியா இல்லையா என்று அங்கே முடிவுசெய்தவர்களில், அந்நாட்டுப் பூர்வகுடி மக்களான மாவோரிகளைச் சேர்ந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். வருடத்துக்கு ஒரு நாள் வந்து தங்கள் பண்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இல்லை அவர்கள். பாடத்தை எழுதியதும், நடத்தியதும், கடைசியில் மதிப்பெண் போட்டதும் அவர்களே. இதயநோய்ப் பிரிவில் நான் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், ஒரு மாவோரி நோயாளியிடம் ஒழுங்காகப் பேசத் தெரியாவிட்டால் அது என் மதிப்பெண்ணில் தெரியும்.

இப்போது சிங்கப்பூரில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். மாணவர்கள் சில வாரங்கள் என் அறையில் வந்து உட்கார்ந்து பழகுவார்கள். மதிப்பெண் போடும் பேனா யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. பூர்வகுடி மக்களின் உடல்நலத்தை மருத்துவக் கல்லூரிகள் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சின் உயிர்நாடி இந்தப் பேனாதான்.

கிறைஸ்ட்சர்ச்சில் நாங்கள் கற்றதைச் சொல்கிறேன். சுசான் பிட்டாமா உள்ளிட்ட மாவோரி ஆசிரியர்கள் உருவாக்கிய முறை அது. 'ஹுயி முறை' என்பார்கள். மாவோரிகள் தங்கள் மராயே என்ற பொதுக்கூடத்தில் கூடிப் பேசும்போது கடைப்பிடிக்கும் ஒழுங்கை மருத்துவரின் அறைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். முதலில் முறையாக வணங்கி, நாம் யார் என்று சொல்ல வேண்டும். அடுத்து உறவு பிடிக்க வேண்டும். அவர் எந்த ஊர், யாருடைய பிள்ளை, நமக்கும் அவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். மூன்றாவதாகத்தான் வந்த காரியம். கடைசியில் பேசியதைச் சுருக்கிச் சொல்லி, அடுத்து என்ன என்று இருவருக்கும் தெளிவான பிறகு விடைபெற வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து "எந்த ஊர், யார் வீடு" என்று விசாரித்த பிறகே காரியத்துக்கு வரும் நம் வழக்கம்போலத்தான் இதுவும். ஆனால் அதை ஒரு மருத்துவத் திறமையாகக் கற்றுக்கொடுத்து, பார்த்து, திருத்தி, மதிப்பெண்ணும் போடுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் நான் வேறெங்கும் கண்டதில்லை.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே டாக்டர்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வெளியே எண் ஓடிக்கொண்டே இருக்கும், பத்துப் பேர் காத்திருப்பார்கள். ஆனால் உறவு பிடிக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் மூன்று மாதம் கழித்து அதே நோயாளி, அதே சர்க்கரை அளவு, அதே அறிவுரை என்று சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

நியூசிலாந்தில் இதற்கெல்லாம் விதை போட்டவர்களில் ஒருவர் ஒரு தாதி. இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிப் பெண். பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தை 1980களின் இறுதியில் முன்வைத்தார். ஒரு சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றவர், கொடுத்தவர் இல்லை என்பது அதன் சாரம். 1992ல் நியூசிலாந்து தாதிமை மன்றம் அதைத் தாதியர் படிப்பில் கட்டாயமாக்கியது. நாடே கொதித்தது. நாளிதழ்களில் எதிர்ப்பு, நாடாளுமன்றக் குழுவின் விசாரணை என்று ஒரு பெரிய அலையே எழுந்தது. ராம்ஸ்டன் 2003ல் காலமானார். அவர் சொன்னது இன்று அந்த நாட்டு மருத்துவர்களுக்கும் பொருந்தும் விதியாகிவிட்டது. தாதிமையில் பிறந்து மருத்துவர்களுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு சிந்தனை என்பதாலேயே எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு. அங்கே முதல் பூர்வகுடி மருத்துவராக ஹெலன் மில்ராய் பட்டம் பெற்றது 1983ல்தான். மாவோரிகளில் மாவி போமரே 1899லேயே மருத்துவராகிவிட்டார். பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு இடையே 84 ஆண்டு இடைவெளி! இருந்தாலும் ஆஸ்திரேலியர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2004ல் மருத்துவக் கல்லூரிகளின் தலைவர்கள் கூடிப் பூர்வகுடி நலத்துக்கு ஒரு பாடத்திட்ட வரைவை ஏற்றுக்கொண்டார்கள். அதை உருவாக்கும் பணியை முன்னின்று செய்தவர் கிரெகரி பிலிப்ஸ், அவரும் பூர்வகுடியைச் சேர்ந்தவர். பிறகு அந்தப் பாடம் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் தரவிதிகளுக்குள்ளேயே போய்விட்டது. தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் நல்ல மனசை நம்பியிருக்கும் பாடம், அவர் ஓய்வுபெற்றதும் காணாமல் போகும். அங்கீகார விதிக்குள் போய்விட்டால் அதை யாரும் சுலபமாகத் தூக்கிப்போட முடியாது. கனடாவில், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்த விடுதிப் பள்ளிகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015ல் கொடுத்த 94 பரிந்துரைகளில் 24வது, எல்லா மருத்துவ, தாதிமை மாணவர்களுக்கும் பூர்வகுடி நலப் பாடம் கட்டாயம் என்கிறது.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே பூர்வகுடி என்ற சொல்லை நாம் அன்றாடம் பேசுவதில்லை. ஆனால் நம் அரசியலமைப்பின் 152வது பிரிவு, மலாய்க்காரர்கள் இந்த நாட்டின் பூர்வகுடி மக்கள் என்று தெளிவாகவே சொல்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் அவர்கள் 13.5 விழுக்காடு. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் அவர்களின் பங்கு அதைவிட எவ்வளவோ அதிகம். ஆஸ்திரேலியாவில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வரலாறு வேறு, அளவு வேறு. ஆனால் யாருடைய உடம்பைப் பற்றிப் பாடம் நடக்கிறதோ அவர்களுக்கு அந்தப் பாடத்தில் என்ன அதிகாரம் என்ற கேள்வி இங்கும் அதேதான்.

என் அறைக்குப் பழக வரும் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். மலாய்க்கார நோயாளி வந்தால் உடனே கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். நாசி லெமாக், தேங்காய்ப்பால், இனிப்புத் தேநீர். ஒரு பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் வந்தால் பரோட்டாவும் நெய்யும் என்று பட்டியல் மாறும். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று முடிவாகிவிடுகிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. நீரிழிவுக்கு எதிரான போர் என்று 2016ல் அரசு அறிவித்தபோது நம் அம்மாக்களும் மலாய்க்கார அம்மாக்களும் ஒரே வரிசையில்தான் காத்துக்கொண்டிருந்தார்கள்.

நோன்பு மாதம் இதற்கு நல்ல உதாரணம். "சர்க்கரை நோய் இருக்கிறது, நோன்பு வைக்காதீர்கள்" என்று மாணவர் சொல்வார். மாக் சிக், அதாவது அந்த மலாய்க்கார அம்மா, தலையாட்டுவார். வீட்டுக்குப் போய் நோன்பு வைப்பார். மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார்கள் என்று சொல்லமாட்டார். பகலில் மயக்கம் வருமோ என்ற பயத்தில் மாத்திரையையும் தானே நிறுத்திவிடுவார்.

எங்கள் மருத்துவ நிலையத்தில் மூத்த மலாய்க்காரத் தாதி ஒருவர் இருக்கிறார். எங்கள் எல்லோருக்கும் அவர் 'காக்', அதாவது அக்கா. நோன்புக்கு முந்தைய வாரங்களில் மாணவர்களை அவர் கையில் ஒப்படைத்துவிடுகிறேன். அவர் ஆரம்பிப்பதே வேறு இடத்திலிருந்து. "இந்த வருஷம் நோன்பு வைக்கப் போறீங்களா? போன வருஷம் எப்படி இருந்தது?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் மருந்துப் பேச்சு. இரண்டு வேளை மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுபவர் என்றால் ஒன்று நோன்பு திறக்கும்போது, ஒன்று விடியலுக்கு முந்தைய சஹூர் சாப்பாட்டோடு. சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடக்கூடிய கிளிக்லசைடு போன்ற மாத்திரை என்றால் சஹூர் வேளையின் அளவைக் குறைப்பதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்வார். விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறியாது என்பதை அவர் சொல்லும்போது நோயாளி நம்புகிறார். நான் சொன்னால் அந்த அளவுக்கு நம்புவாரா என்று தெரியாது. இரத்தச் சர்க்கரை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 3.9க்குக் கீழே போனாலோ 16.6க்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும் என்று ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கச் சொல்லி, மகளிடமோ மருமகளிடமோ தொலைபேசியில் ஒரு வார்த்தையும் சொல்லிவிடுவார்.

அத்தனையும் உயர்தர மருத்துவக் கல்வி. ஆனால் அவர் பெயர் எந்தப் பாடத்திட்டத்திலும் ஆசிரியராக இல்லை. மாணவரின் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுவது நான்தான். இதை மாற்றுவதற்காக என் அறைக்குள் முடிந்ததைச் செய்திருக்கிறேன். நோயாளியோடு பேசும் பகுதிக்கு மட்டும் காக் சொல்லும் மதிப்பீட்டை அப்படியே தாளில் எழுதுகிறேன். ஒரு மாணவருக்கு அவர் குறைவாகப் போட்டார். அந்தப் பையன் என்னிடம் வந்து முறையிட்டான். "காக்கிடமே போய்க் கேளுங்கள்" என்று அனுப்பினேன். அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தவன், மறுவாரம் ஒரு பாக் சிக்கோடு, அதாவது ஒரு மலாய்க்காரப் பெரியவரோடு, பேசிய விதமே வேறாக இருந்தது.

அந்த பாக் சிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துச் சீட்டில் வெறும் எண்பது வயது முதியவர், இரத்த அழுத்தம், காலில் புண். "பாக் சிக், எந்தக் கம்பத்தில் பிறந்தீர்கள்?" என்று, பிறந்த கிராமத்தைப் பையன் கேட்டான். பூலாவ் சுடோங் என்றார். தெற்கே இருக்கும் தீவு. இன்று அது இராணுவம் சுட்டுப் பயிற்சி செய்யும் இடம், யாரும் போக முடியாது. அங்கே பிறந்து, படகிலும் வலையிலும் வளர்ந்து, 1970களில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியவர். கடல்நீரில் நின்றால் புண் ஆறும் என்று சின்ன வயதிலிருந்து நம்பியவர் என்பதும், வாரம் இருமுறை பேரனோடு கடற்கரைக்குப் போய்க் காலை நனைக்கிறார் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. கால் புண் ஏன் ஆறவில்லை என்று பல மாதங்களாக மருந்தை மாற்றிக்கொண்டிருந்தோம். எந்த ஊர் என்று கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பாடத்தை நடத்தி மதிப்பெண் போடும் பொறுப்பை அந்தச் சமூகத்தினரிடமே கொடுக்க வேண்டும் என்று சொன்னால் எதிரில் வரும் முதல் வாதம், "தகுதியான ஆட்கள் போதுமான அளவு இல்லை" என்பது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஆட்கள் இல்லை என்றால் உருவாக்க வேண்டும். ஆக்லாந்து பல்கலைக்கழகம் மாவோரி, பசிபிக் தீவு மாணவர்களுக்கான சேர்க்கைத் திட்டத்தை 1972லேயே தொடங்கிவிட்டது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நம் நீலகிரியைப் பாருங்கள். கூடலூரில் அஷ்வினி அமைப்பு 1990ல் ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கியபோது, பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் வீட்டுப் பிள்ளைகளையே தாதியராகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். பிற்பாடு மருத்துவமனையை நடத்தும் பொறுப்பிலும் ஆதிவாசிகளே வந்து அமர்ந்தார்கள். அந்த மக்களிடையே பரம்பரையாக வரும் அரிவாள் செல் இரத்தசோகையைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து கவனிக்கும் வேலையும் அங்கே நடக்கிறது. பள்ளிப் படிப்பே முழுதாகக் கிடைக்காத ஊரில் முடிந்தது, மூன்று மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் சிங்கப்பூரில் முடியாதா?

நான் தமிழச்சி. என் தாத்தா கப்பலேறி இங்கே வந்தவர். மலாய்க்காரர்களின் உடல்நலப் பாடத்துக்கு நான் தலைமை தாங்க வேண்டிய அவசியம் இல்லை, அந்த ஆசையும் எனக்குக் கிடையாது. என்னிடம் ஒரு நாற்காலி இருக்கிறது, ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கிறது. இரண்டையும் பகிர முடியும். தேர்வுகளில் நோயாளியாக நடிப்பவருக்கு எழுதிக் கொடுக்கும் கதையை மலாய்க்கார மருத்துவர்களும் தாதியரும் எழுதட்டும். காக் போன்றவர்களுக்கு ஆசிரியர் என்ற பதவியும் அதற்கான சம்பளமும் கிடைக்கட்டும். பாடத்திட்டக் குழுவில் சமூகத்தினருக்கு ஆலோசனை சொல்லும் இடம் மட்டும் போதாது, வாக்கும் வேண்டும்.

இந்த மூன்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாணவர் குழு வரும்போது நோயாளிகளில் இரண்டு பெரியவர்களையும் மதிப்பீட்டுக்கு உட்கார வைக்கலாம் என்று காக் சொல்லியிருக்கிறார். ஒருவர் சம்மதித்துவிட்டார். இன்னொருவர், மகளைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மாணவர்களைப் பயிற்றுவிக்கும் தமிழ் மருத்துவர்கள், தாதியர் யாராவது இதைப் படித்தால், உங்கள் இடத்தில் மதிப்பீட்டுத் தாளில் யார் எழுதுகிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறேன்.