அகச்சிவப்பு விண்தொலைநோக்கி: காரைக்குடியில் ஒரு வடிவமைப்பு அனுபவம்

குறைந்த செலவில் ஓர் அகச்சிவப்பு விண்தொலைநோக்கியை வடிவமைத்துப் பார்ப்பது என்று காரைக்குடியில் பொறியியல் மாணவர்களோடு அமர்ந்தபோது, ஆடியின் விட்டம் எவ்வளவு என்பதே அவர்களின் முதல் கேள்வியாக இருந்தது. எந்த அலைநீளம் வரை பார்க்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்றேன். அறை வெப்பநிலையில் உள்ள எந்தப் பொருளும் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி மிகுதியாக ஒளிர்வதால், குளிராத தொலைநோக்கிக்குத் தன் சொந்த வெப்பமே கண்ணை மறைக்கும். அந்தக் குளிர்ச்சிக்குத்தான் பணம் கரைகிறது.

1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கி, அதைக் குளிர்வித்த திரவ ஹீலியம் தீர்ந்ததும் பத்து மாதங்களில் ஓய்ந்துவிட்டது. ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியோ, 2009-இல் ஹீலியம் தீர்ந்த பின்னும் 3.6, 4.5 மைக்ரானில் 2020 வரை இயங்கியது. அதைப் பார்த்துத்தான் 5 மைக்ரானோடு நிறுத்திக்கொண்டு, ஹீலியத் தொட்டியே இல்லாமல், வெப்பத்தை விண்வெளிக்குக் கதிர்வீசிக் கழிப்பது என்று முடிவெடுத்தோம். 2025-இல் ஏவப்பட்ட ஸ்பியரெக்ஸ் விண்தொலைநோக்கியும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த மூன்று கூம்புக் கவசங்களால் இப்படியே குளிர்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போகப்போக வெக்கை தணியும் வீடுகளில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபட்டது.

கணக்குதான் கடுமையாக இருந்தது. ஒரு சதுர மீட்டர் கரும்பரப்பு 300 கெல்வினில், அதாவது ஏறத்தாழ அறை வெப்பநிலையில், சுமார் 460 வாட் கதிர்வீசும்; 60 கெல்வின் குளிரில் முக்கால் வாட்டுகூட வீசாது. ஆகவே ஒளியைப் பதியும் உணரிக்குப் போகும் கம்பிகள் வழியே கசியும் மில்லிவாட்டுகளையும் எண்ண வேண்டியிருந்தது. செம்புக் கம்பியை விலக்கி, வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும் மாங்கனின் என்ற உலோகக்கலவைக் கம்பிக்கு மாறினோம். தாங்குகால்களைக் கண்ணாடியிழையில் வரைந்தோம்.

ஆடியையும் சட்டகத்தையும் ஒரே அலுமினியத்தில் செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அரை மீட்டர் அலுமினியக் கம்பியைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தியபோது, கொதிப்பு அடங்க அடங்க நுண்ணிய நீள மாற்றத்தை அளக்கும் டயல் கேஜின் முள் நகர்ந்து, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் சுருக்கத்தைக் காட்டி நின்றது. இரண்டும் ஒரே பொருளாக, ஒரே வெப்பநிலையில் இருந்தால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கும். அறையில் சரிசெய்த குவியம் குளிரிலும் பிசகாது. வைர முனையால் கடைந்த அலுமினிய ஆடி கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குச் சற்றுக் கரடாக இருந்தாலும், நீண்ட அலைகளுக்குத் தாராளமாகப் போதும்.

மலிவாக்க முடியாதது, அகச்சிவப்பைப் பதியும் பாதரச காட்மியம் டெல்லுரைடு உணரிதான். 2.5 மைக்ரானோடு நிறுத்தினால் அது அத்தனை குளிரைக் கேட்காது என்று மாணவர் ஒருவர் வாதிட்டது நியாயமே. ஆனால் விண்வெளியில் 4.27 மைக்ரானில் தெரியும் கரியமில வாயுப் பனியின் தடத்தை, அதே வாயு நிறைந்த நம் வளிமண்டலம் தரையிலிருந்து பார்க்கவிடாது. அதைப் பார்ப்பதற்காகவே மேலே போகிறோம் என்பதால், 5 மைக்ரான் எல்லையை அப்படியே வைத்துக்கொண்டு, செலவைக் குறைக்க ஆடியின் விட்டத்தைச் சுருக்கினோம்.