மாடித்தோட்ட இதழ்: இரண்டாவது முயற்சி

முதல் இதழின் 50 பிரதிகளிலும் அட்டை ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. படத்தை ஏ5 அளவுக்கு, அதாவது 148 x 210 மி.மீ.க்குக் கச்சிதமாக வைத்ததுதான் தப்பு. வெட்டும்போது கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலே தாளின் வெள்ளை எட்டிப் பார்த்துவிடுகிறது. இம்முறை நாலா பக்கமும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டில் போய்விடும் கூடுதல் படப்பகுதி, விட்டிருக்கிறேன். கோப்பு இப்போது 154 x 216.

அதிக நேரத்தைத் தின்றது பக்க எண்ணிக்கை. கையில் 14 பக்கத்துக்கு விஷயம் இருந்தது. "சென்டர் பின்னுன்னா நாலு நாலாத்தான் போகும் தம்பி. 12 ஆக்குங்க, இல்ல 16 ஆக்குங்க" என்றார் அச்சக அண்ணன். சென்டர் பின் என்றால் மடித்த தாள்களின் நடுவில் பின் அடிப்பது; ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். வீட்டுக்கு வந்து நான்கு தாளை மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, பென்சிலால் எண் போட்டு டம்மி, அதாவது வெற்று மாதிரி இதழ், செய்தேன். பிரித்தால் வெளித்தாளில் 1-க்குப் பக்கத்தில் 16. பின்புறம் 2, 15. எந்தத் தாளை எடுத்தாலும் ஒரே புறத்தில் அருகருகே விழும் இரு எண்களின் கூட்டுத்தொகை 17! இம்போசிஷன், அதாவது அச்சுத்தாளில் பக்கங்களை அடுக்கும் முறை என்பது இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது.

அதே டம்மி இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. 8-ம் 9-ம் மட்டும்தான் ஒரே தாளில் சேர்ந்தாற்போல் விழுகின்றன. போன முறை 4, 5-ல் பரப்பிய பாகற்கொடிப் படம் நடுவில் ஒட்டாமல் போன ரகசியம் இதுதான். கொடியை நடுப்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

எழுத்தில் வேறு தொல்லை. பழைய மென்பொருளில் 'கெ' என்று அடித்தால் கொம்பு பின்னால் போய் நின்றது. ஸ்கிரைபஸ் 1.6 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறியதும் சரியானது. 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் லீடிங் (வரிக்கு வரி உள்ள தூரம்) ஆங்கிலத்துக்குப் போதும். நமக்கு மேலே 'கி'யின் சுழி, கீழே 'ழு'வின் வால். 15 வைத்த பிறகுதான் வரிகள் மூச்சுவிட்டன. எழுத்தின் கறுப்பையும் நான்கு மையின் கலவையாக விடாமல் தனிக் கறுப்பு 100 சதவீதம் ஆக்கினேன். முன்பு நான்கு மையும் துளி விலகி, பொடி எழுத்துக்கெல்லாம் நிழல் விழுந்திருந்தது.

உள்ளே 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள், அட்டைக்கு 170 ஆர்ட் பேப்பர். கூடுதலாகக் கிடைத்த இரண்டு பக்கத்தில் ஒன்றுக்கு விதைப்பு அட்டவணை. இன்னொன்று இன்னும் காலி.