ஆடி வெயிலில் சார்ஜ் ஏறாத அவுட்லாண்டர்: பிழை காரில் இல்லை, ஏர்த்தில்

உங்கள் பிளக்-இன் ஹைபிரிட் (பெற்றோலிலும், செருகி ஏற்றும் கரண்டிலும் ஓடும் கார்) வீட்டில் சார்ஜ் ஏறவில்லை என்றால், காரைத் திறக்க யாருக்கும் உடனே சம்மதிக்காதீர்கள். அதே கேபிளோடு வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோய் ஓர் இரவு செருகிப் பாருங்கள். இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் கொழும்புக்குப் போன அலைச்சலும் இருந்திருக்காது, காசும் மிஞ்சியிருக்கும்.

என்னுடையது 2014 மிட்சுபிஷி அவுட்லாண்டர். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே யாழ்ப்பாணத்துக்கு வந்தது, 12 கிலோவாற் மணி பற்றரி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 வரை தனியார் கார்களுக்குத் திறக்கவில்லை. அதனால் பழையதை வைத்துப் பராமரிப்பதைவிட எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் தந்த காலத்தில் அம்மாவை ஆசுபத்திரிக்கு ஏற்றி இறக்கியது இந்தக் கார்தான். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

கேபிள், மச்சான் லண்டனிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. 230 வோல்ற், 10 அம்பியர். அங்கேயும் இதே 13 அம்பியர் சதுரப் பிளக்குத்தான் என்பதால் அடப்டர் தேவைப்படவில்லை.

வைகாசி முடிவில் தொடங்கியது கரைச்சல். செருகினால் காரில் சார்ஜ் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் கேபிளின் நடுவில் இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு வந்து எல்லாம் நின்றுவிடும். திரும்பச் செருகினால் சில நாள் ஏறும், சில நாள் ஏறாது. ஆடி பிறந்த பிறகு அறவே ஏறவில்லை.

இங்குள்ள கராஜில் முதலில் 12 வோல்ற் பற்றரியை மாற்றினார்கள். அதில் பிழை சொல்லமாட்டேன். சின்னப் பற்றரி சோர்ந்தாலும் சார்ஜ் தொடங்காமல் விடுவதுண்டு, முதலில் பார்க்கவேண்டியதும் அதைத்தான். அதற்குப் பிறகும் ஏறாதபோது கேபிளை வாங்கிக்கூடப் பார்க்காமல், "அண்ணை, உள்ளுக்க இருக்கிற சார்ஜர் பழுதாப்போட்டுது" என்று தீர்ப்புச் சொல்லி, ஜப்பானிலிருந்து பாவித்த சார்ஜர் எடுக்க முற்பணமும் வாங்கிவிட்டார்கள். அங்கே வேலைசெய்த பெடியன் ஒருவன் இன்னொரு யோசனையும் சொன்னான்: "சொக்கற்றுக்குள்ள ஏர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துவிட்டா ஓடும் அண்ணை."

தயவுசெய்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அப்படிச் சேர்த்த பிறகு நியூட்ரல் கம்பி எங்கேயாவது அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ற் நிற்கும். மழைநாளில் வெறுங்காலோடு கதவில் கைவைப்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். பெட்டி பழுதாகித்தான் சார்ஜை நிறுத்துகிறது என்று நினைப்பதால்தான் இப்படிக் குறுக்குவழி தேடுகிறார்கள். அந்தப் பெட்டி வெறும் சுவிட்ச் இல்லை. எத்தனை அம்பியர் எடுக்கலாம் என்று காருக்கு 1 கிலோஹேர்ட்ஸ் சமிக்ஞையில் சொல்வதும் அதுதான், ஏர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதும் அதுதான். ஏர்த் சரியில்லை என்று கண்டால் மின்சாரத்தைக் காருக்குள் விடாது. எங்கள் வீட்டில் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

அந்தச் சார்ஜருக்கு மீதிக் காசு கட்டுமுன் இன்னொரு இடத்தில் காட்டுவோம் என்று கொழும்புக்கு ஓட்டிப் போனேன், 400 கிலோமீற்றர் அளவு. அங்கே செருகிய உடனே ஏறி, நிறையும்வரை நிற்காமல் ஏறியது. சந்தோசப்பட விடவில்லை. "இடைக்கிடை வாற பிழை, சார்ஜரை மாற்றுவதுதான் நல்லது" என்று எழுதித் தந்து பரிசோதனைக் கட்டணமும் எடுத்தார்கள். கண்முன்னே ஒழுங்காக வேலைசெய்யும் ஒரு பாகத்தை மாற்றச் சொல்கிறார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. திரும்பும் வழியில் வவுனியாவில் சித்தி வீட்டில் தங்கினோம். அங்கேயும் ஏறியது. யாழ்ப்பாணம் வந்து எங்கள் வளவுக்குள் செருகினால் சிவப்பு விளக்கு. பிழை காரில் இல்லை, எங்கள் வீட்டுக் கரண்டில்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெளிந்தது.

முதலில் வோல்ற்றேஜைச் சந்தேகித்தேன். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எல்லா வீட்டிலும் பாவனை கூடும். பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் போட்டால் எங்கள் வீட்டில் 208க்கு இறங்குவதை மீற்றரில் பார்த்தேன். ஆனால் நடுச்சாமத்தில் 228 இருக்கும்போதும் ஏறவில்லை. ஆகவே அது இல்லை.

வயரிங் ஆளைக் கூப்பிட்டேன். மல்ரிமீற்றரை லைனுக்கும் ஏர்த்துக்கும் வைத்தார், 230 காட்டியது. ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமத்தினார், விழுந்தது. "ஏர்த் அந்தமாதிரி, திறமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த இரண்டு சோதனையையும் நம்பாதீர்கள். மல்ரிமீற்றருக்குத் தேவையான கறண்ட் மிகமிகச் சொற்பம், ஏர்த்தில் பல நூறு ஓம் தடை இருந்தாலும் 230ஐக் காட்டும். டெஸ்ட் பொத்தான் ட்ரிப் சுவிட்சைத்தான் சோதிக்கும், ஏர்த் கம்பியின் பக்கமே போகாது.

கடைசியில் கைகொடுத்தவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மின் தொழில்நுட்பவியலாளர். கதையை முழுக்கக் கேட்டார். "மாரியில ஏறினதோ?" என்று ஒரே கேள்வி. ஏறியது, ஒரு நாளும் பிசகவில்லை. "அப்ப கார்ப் பிளக்கைக் கழற்றிப்போட்டு ஏர்த் குழியில நாலு வாளி தண்ணி ஊத்து தம்பி. ஊறினாப் பிறகு செருகிப் பார்."

ஊற்றினோம். அன்றிரவு சார்ஜ் நிற்காமல் ஏறியது. விடிய எழும்பி நிறைந்த பற்றரியைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

விசயம் இதுதான். எங்கள் வீடுகளுக்கு ஏர்த் தெருக்கம்பத்திலிருந்து வருவதில்லை, வளவுக்குள் நாம் அடித்த கம்பிதான் முழு ஏர்த்தும். யாழ்ப்பாணத்தில் மேலே கொஞ்சம் மண், கீழே சுண்ணாம்புக்கல். எங்கள் கம்பி ஆழம் போகாமல் கல்லில் முட்டி நின்றிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறி ஏர்த் பிடிக்கும். ஆடி வெயிலில் மண் காய்ந்தால் விட்டுவிடும். கம்பியின் தலையில் இருந்த கிளாம்பும் பச்சை பிடித்து இற்றுப்போயிருந்தது. அவர் ஏர்த் ரெஸ்ரர் கொண்டுவந்து காய்ந்த நாளில் அளந்தபோது 600 ஓமுக்கு மேல்.

புதிய செம்புப் பூச்சுக் கம்பிகள் இரண்டை, குளிக்கும் தண்ணீர் எப்போதும் ஓடும் கிணற்றடி வாழைப் பாத்தியில் அடித்து, தடித்த பச்சை மஞ்சள் வயரால் இணைத்தோம். இப்போது 30 ஓமுக்குள். கூலியும் சாமானும் சேர்த்து, கேட்ட சார்ஜர் விலையில் ஒரு சிறு துண்டுதான்.

அதே நாளில் போர்ட்டிக்கோ சொக்கற்றையும் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பழுப்பேறி இருந்தது. 10 அம்பியர் மணிக்கணக்காக ஓடும்போது தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலும் அந்த இடத்தில் 50 வாற் சூடு பிறக்கும். நல்ல சொக்கற் போட்டு, பிரதான பலகையிலிருந்து தனி வயர் இழுத்துவிட்டோம். செருகி ஒரு மணித்தியாலத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே நிறுத்துங்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். என் காருக்கு இப்போது முன்னரைவிடக் குறைந்த நேரத்தில் சார்ஜ் நிறைகிறது, கரண்டில் ஓடும் தூரமும் குறைந்துவிட்டது. அது பற்றரி வயதானதால் வருவது. எந்த ஏர்த்தும் அதைத் திருப்பித் தராது. சார்ஜ் இடையில் நிற்பது வேறு, நிறைந்தும் குறைய ஓடுவது வேறு.

சார்ஜர் எடுக்கவென்று கராஜ் வாங்கிய முற்பணத்தில் பாதி கைக்கு வந்துவிட்டது. மீதியைத் தரும்வரை கேட்டுக்கொண்டேதான் இருக்கப்போகிறேன்.