செங்காயில் பறித்த தக்காளியும் நூல் கட்டிய வெண்டையும்: கோடை இறுதிப் பறிப்புக் குறிப்புகள்

கோடையின் கடைசி ஐந்து வாரங்களில் தோட்டத்தில் பறித்ததையும் சந்தையில் வாங்கியதையும் இந்த ஆண்டு முதல்முறையாக ஒரே குறிப்பேட்டில் எழுதி வந்தேன். ஆறு தக்காளிச் செடிகள், பன்னிரண்டு வெண்டைச் செடிகள், ஒரு வரிசை கொடி பீன்ஸ், இரண்டு வெள்ளரிக் கொடிகள் ஆகியவையே என் தோட்டம். சென்ற ஆண்டும் இதே அளவுதான் பயிரிட்டிருந்தேன். ஆனால் நேரம் கிடைத்தபோது பறித்து, பறித்ததையெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் அடைத்து, போதாக்குறைக்கு அதே காய்களைப் பழக்கத்தினால் சந்தையிலும் வாங்கி, கணிசமான பகுதியைக் குப்பைக் குழிக்கே அனுப்பினேன். அந்த வருத்தந்தான் இந்தக் குறிப்பேட்டுக்குக் காரணம்.

முதல் வாரத்திலேயே தக்காளி பாடம் கற்பித்தது. பழம் செடியிலேயே முழுமையாகச் சிவக்க வேண்டும் என்று காத்திருந்தேன். சில நாள் வறட்சிக்குப் பின் ஓர் இரவு நல்ல மழை பெய்தது. காலையில் பார்த்தபோது பழுத்திருந்தவற்றில் ஏறக்குறைய பாதி, காம்பைச் சுற்றி வெடித்திருந்தன. வேர் திடீரென்று நீரை உறிஞ்சும்போது உள்ளே சதை பருக்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுப்பதில்லை. பழம் பழுக்கப் பழுக்கத் தோலின் நெகிழ்ச்சி குறைவதால், வெடிப்பும் பழுத்தவற்றில்தான் மிகுதி.

பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று நம் மொழி பிரித்து வைத்திருக்கும் வரிசையில் செங்காய் என்ற படியை நான் அதுவரை பொருட்படுத்தியதில்லை. அடிப்பகுதியில் வெளிர் சிவப்பு தோன்றத் தொடங்கும் அந்த நேரத்தில் பழுப்பதற்கான எத்திலீன் வாயுவைக் காய் தானே உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. செடியை விட்டுப் பிரித்தாலும் பழுத்துவிடும். எனவே இரண்டாம் வாரத்தில் பத்துக் காய்களைச் செங்காயாகப் பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்தேன். வேறு பத்தைச் செடியிலேயே விட்டேன். எது எது என்று சொல்லாமல் வீட்டில் நால்வருக்கு நறுக்கிக் கொடுத்தபோது, மூவரால் வேறுபாடு சொல்ல இயலவில்லை. எனக்குச் செடியில் பழுத்தது சற்றுக் கூடுதலாக இனித்தது. ஆனால் எனக்கு விடை முன்பே தெரியும் என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நிறத்தில் மட்டும் வீட்டுக்குள் பழுத்தவை தெளிவாக முந்தின. வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோப்பீன் சரியாக உருவாவதில்லை. வெயிலில் நின்ற பழங்களின் தோள்கள், அதாவது காம்பைச் சுற்றிய மேற்பகுதிகள், மஞ்சளாகவே தங்கிவிட்டதற்கு அதுவே காரணம்.

அடுத்து, ஒரே கொத்திலிருந்து பறித்த ஆறு பழங்களில் மூன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் மூன்றை அலமாரியிலும் ஒரு வாரம் வைத்தேன். பெட்டியில் இருந்தவை பார்வைக்குப் புதிதாகவே இருந்தன; வெட்டியபோது மணம் ஏறக்குறைய இல்லை, சதையும் மாவுபோல் ஆகியிருந்தது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 5 டிகிரியில் ஏழு நாள் வைத்த தக்காளியில் சர்க்கரையும் புளிப்பும் பெரிதும் மாறாதிருக்க, மணச் சேர்மங்களை உருவாக்கும் மரபணுக்களின் செயல்பாடு குறைந்ததாகக் கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து வெட்டிய தக்காளியைத் தவிர வேறு தக்காளி எதுவும் என் பெட்டிக்குள் போகவில்லை.

எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது வெண்டைச் சோதனை. பூ விரியும் நாளில் அதன் காம்பில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டி, நாளுக்கொரு நிறம் வைத்து, நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாள்வரை பறித்துப் பார்த்தேன். நான்காம், ஐந்தாம் நாள் காய்கள் இளசாக இருந்தன. ஆறாம் நாளில் நுனி ஒடிந்தாலும் நடுவில் நார் தென்பட்டது. எட்டாம் நாள் காயைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், வெயில் மிகுந்த வாரத்தில் ஐந்தாம் நாள் காயே முற்றலாகிவிட்டது. ஆகவே நாள்கணக்கைவிட விரல்நீளமே எனக்கு நம்பகமான அளவாயிற்று. இப்போது சந்தையிலும் விற்பவரின் காயை ஒடித்துப் பார்க்காமல், நீளத்தையும் தோலின் மென்மையையும் கொண்டே தேர்ந்தெடுக்கிறேன்.

பீன்ஸைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு நாள் வெளியூர் சென்று திரும்பியபோது விதைகள் புடைத்து, புதிய பூக்கள் குறைந்திருந்தன. விதை முற்றிவிட்டால் கொடிக்கு மேற்கொண்டு பூக்க வேண்டிய தேவை இல்லை. முற்றியவற்றையெல்லாம் அகற்றிய பத்தாம் நாள் மீண்டும் பூ கண்டேன்.

சந்தைக்குப் போகும் முறையையும் மாற்றினேன். விடியற்காலையில் தோட்டத்தில் பறித்து முடித்த பிறகே பட்டியல் எழுதுவது என்று வைத்துக்கொண்டதால், என் தோட்டம் தர இயலாதவை மட்டுமே அதில் இடம்பெற்றன. முதலிடம் இனிப்பு மக்காச்சோளத்துக்கு. கதிரின் ஒவ்வொரு பட்டிழையிலும் மகரந்தம் விழுந்தால்தான் அந்த இழைக்குரிய மணி திரளும். காற்றை நம்பிய இந்தச் சேர்க்கைக்குச் சில செடிகள் போதாது, பல வரிசைகள் நெருங்கி நிற்க வேண்டும். அதைவிட, பறித்த கணத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வழக்கமான இனிப்பு வகைகளில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் பாதிக்கு மேல் மாறிவிடும். அன்று காலையில் ஒடித்த கதிரை அன்றே வேகவைத்தும், அதன் இணையை வெளியே இரண்டு நாள் வைத்து வேகவைத்தும் உண்டு பார்த்தேன்; இரண்டாவதை முழுமையாக உண்ண மனம் வரவில்லை. ஆகவே எப்போது ஒடித்தீர்கள் என்று கேட்பதற்கு இப்போது நான் தயங்குவதில்லை. தக்காளியைப் போலன்றிப் பறித்தபின் பழுக்காத தர்பூசணியில், தரையில் கிடந்த பக்கம் வெளுத்திருக்கிறதா, வெண்ணெய் நிறமாக மஞ்சளித்திருக்கிறதா என்று பார்த்து, மஞ்சளித்ததையே எடுக்கிறேன்.

ஐந்து வாரங்களில் தக்காளி மட்டும் 17 கிலோ வந்தது. உண்டது போக மீந்ததைப் புட்டியில் அடைக்க எண்ணி, பின்னர் கைவிட்டேன். நன்கு பழுத்த தக்காளியில் அமிலம் குறைந்து, அமிலம் குறையக் குறைய உயரும் பிஎச் அளவு பாதுகாப்பு வரம்பான 4.6-ஐத் தாண்டிவிடக்கூடும் என்பதால், அளந்து அமிலம் சேர்க்காமல் அடைப்பது ஆபத்து. முழுப் பழங்களாகவே உறைய வைத்தேன். உறைந்த பழத்தை வெந்நீரில் சில நொடிகள் காட்டினால் தோல் தானாகவே கழன்றுவிடுகிறது. பீன்ஸைக் கொதிநீரில் மூன்று நிமிடம் இட்டு, உடனே பனிநீரில் ஆற்றி உறைய வைத்ததில் பச்சை நிறம் மங்கவில்லை.

இப்போது தோட்டத்தில் மிஞ்சியிருப்பவை மூன்று வெண்டைக் காய்கள் மட்டுமே. அவற்றை விதைக்காக முற்ற விட்டிருக்கிறேன்; முதலாவது நேற்றுக் காய்ந்து நெற்றாகி, விளிம்பில் வெடிக்கத் தொடங்கியது. அதன் காம்பில் நான் கட்டிய நீல நூல் இன்னும் இருக்கிறது.